மழைக் கணக்கும் ஆள் கணக்கும்

(நெகிரி செம்பிலான், ரந்தாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



லின்சம், சிலியாவ், லிங்கிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்குத் தோட்டத்து ஆபீஸ் நன்றாக நினைவிருக்கும். ரப்பர் தோட்டங்களில் இரண்டு கணக்குகள் ஓடின. ஒன்று மழைக் கணக்கு. வெட்டவெளியில் நட்டிருக்கும் மழைமானியில் காலையில் நின்ற தண்ணீரை அளந்து, அத்தனை அங்குலம் என்று ஆபீஸ் எழுத்தரான கிராணி எழுதி வைப்பார். இன்னொன்று செக்ரோல். பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்புக்கு யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த வேலை, யாருக்கு எத்தனை நாள் கூலி என்பதெல்லாம் அதில் இருக்கும். மரப்பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிய கோட்டில் பால் ஓடாது; பரவி வழிந்து வீணாகும். மங்குக் கிண்ணத்தில் சேர்ந்ததையும் மழை கரைத்துவிடும். ஆகவே மழைக் கணக்கில் எண் ஏறினால் செக்ரோலில் நாள் குறையும். இரண்டுக்கும் அவ்வளவு நெருக்கம். ஆனாலும் புத்தகங்கள் இரண்டும் தனித்தனி. மழைப் புத்தகத்தில் வானம் மட்டும்தான் இருந்தது. “போன மாசம் எவ்வளவு பெய்தது?” என்று வந்து கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்று அதில் யாரும் எழுதவில்லை.

பழைய வானிலையைக் காட்டும் இணையத்தளங்களில் இந்த இரண்டு புத்தகங்களையும் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள். நாம் மழையைப் பற்றிக் கேட்கிறோம். தளம் மழையைச் சொல்லிவிட்டு நம்மை எழுதிக்கொள்கிறது. மழைக் கணக்குச் சொல்ல ஆள் கணக்குத் தேவையில்லை. அந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பெய்து முடிந்த மழையை யார் தேடப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நிறையப் பேர் தேடுகிறார்கள். செம்பனையில் இன்று குலை குறைந்திருந்தால் அதற்குக் காரணம் நேற்றைய வெயில் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டுக்கு முன் வந்த வறட்சியின் விளைவு இப்போதுதான் குலையில் தெரியும். சில ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் பழைய மழைக் கணக்கைப் பார்ப்பது பிழைப்புக்காக. 2021 டிசம்பர் 18ஐ ஒட்டிப் பெய்த பெருமழையில் தீபகற்ப மலேசியாவின் பல மாநிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. நாட்டின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. வீடும் காரும் இழந்தவர்கள் காப்புறுதிக்கு எழுதும்போது, அன்று தங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது என்று காட்ட வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு வெளியில் கூடாரம் போடலாமா என்று பார்ப்பவர்கள், போன ஐந்து வருடங்களில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று தேடுகிறார்கள். வெறும் ஆவலாகத் தேடுகிறவர்களும் உண்டு. 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி வரை ஏறியது, 1978 பிப்ரவரி 1இல் கேமரன் மலையில் 7.8 டிகிரிக்கு இறங்கியது, தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடம் நம் மாநிலத்து ஜெலபுதான் என்பதையெல்லாம் தெரிந்துகொள்வதில் மகிழ்ச்சி இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கட்டும், நல்லது.

ஆனால் முன்னறிவிப்பைப் பார்ப்பது வேறு, பழைய நாளைப் பார்ப்பது வேறு. “நாளைக்கு மழையா?” என்று ஊரே கேட்கும். “இத்தனாம் ஆண்டு, இத்தனாம் தேதி, இரவு எட்டு மணிக்கு இந்தச் சாலையில் மழை பெய்ததா?” என்று கேட்பவர் ஒருவராகத்தான் இருப்பார். அவருக்கு விபத்து வழக்கு இருக்கலாம். தகப்பனார் தவறிய நாளாக இருக்கலாம். வேலையிடத்தில் காயம்பட்டு இழப்பீடு கேட்டிருக்கலாம். தேதியும் இடமும் சேர்ந்தாலே அது ஒரு மனிதரின் கதையில் ஒரு துண்டு. ஆகவே இத்தகைய தளங்கள் மற்றத் தளங்களைவிடக் கூடுதல் கவனத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்பேன்.

ஒரு பக்கத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் கைப்பேசி தளத்தின் கணினியிடம் போய்ப் பக்கத்தைக் கேட்கிறது. அந்தக் கணினி ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது: எந்த ஐபி முகவரியிலிருந்து கேட்டார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எந்த வகைக் கைப்பேசி, எந்தத் தளத்திலிருந்து இங்கே வந்தார்கள். இப்படி ஒரு பதிவேடு இருப்பதில் தவறில்லை. யாராவது தளத்தைத் தாக்கினால் கண்டுபிடிக்க அது வேண்டும். ஐபி முகவரி நேராக உங்கள் வீட்டு வாசலைக் காட்டுவதும் இல்லை. ரந்தாவிலிருந்து பார்த்தாலும் சிரம்பான் என்றோ கோலாலம்பூர் என்றோ அது சொல்லக்கூடும். கைப்பேசி இணைப்பில் பல பேர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஆனால் பக்கத்தின் முகவரி வரியைக் கவனியுங்கள். இத்தகைய தளங்களில் பெரும்பாலும் அந்த வரியிலேயே ஊர்ப் பெயரும் ஆண்டும் மாதமும் தேதியும் இருக்கும். நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே பதிவேட்டில் ஏறிவிட்டது.

அதோடு நின்றால் பரவாயில்லை. பக்கத்தில் விளம்பரம் இருக்கும், வருகையாளர்களை எண்ணும் நிரல் இருக்கும், வேறு நிறுவனத்திலிருந்து வரும் எழுத்துருவும் வரைபடமும் இருக்கும். அவை ஒவ்வொன்றும் வேறொரு கணினியிலிருந்து வருகின்றன. அங்கேயும் உங்கள் ஐபி முகவரி போகிறது. பல நேரங்களில் நீங்கள் பார்க்கும் பக்கத்தின் முகவரியும் சேர்ந்து போகிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கீ என்னும் சிறு அடையாளத் துண்டு, நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒருவரே என்று தளத்துக்குச் சொல்ல உதவியது. கடையில் வாங்கிய பொருள் கூடையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக வந்த வசதி அது. பின்னால் ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் தன் குக்கீயை வைத்து, ஒரே ஆள் எங்கெல்லாம் போகிறார் என்று தொடர்வதற்கும் பயன்பட்டது. மழை பார்த்தவர் அடுத்து மருந்து பார்த்தார், அதற்கடுத்துக் கடன் கொடுக்கும் இடத்தைப் பார்த்தார் என்று ஒரு கோவை உருவாகிறது.

இப்போது சொல்லப்போவதை இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். “நீங்கள் பிறந்த நாளில் வானிலை எப்படி இருந்தது?” என்று அழைக்கும் பக்கங்கள் இருக்கின்றன. பிறந்த தேதியைப் போடுங்கள், பிறந்த ஊரைப் போடுங்கள், அன்று வெயிலா மழையா என்று சொல்கிறோம் என்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்ப நன்றாகத்தான் இருக்கும். உங்கள் மைகார்டு அடையாள அட்டையை எடுத்து, அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 12 இலக்கங்கள். முதல் 6 பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம். நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி 4 இலக்கங்கள்தான் மிச்சம். அதிலும் கடைசி இலக்கம் ஒற்றையாக இருந்தால் ஆண், இரட்டையாக இருந்தால் பெண். ரந்தாவில் பிறந்த பிள்ளை தன் பிறந்த தேதியையும் ஊரையும் ஒரு வானிலைப் பக்கத்தில் தட்டும்போது, தன் அடையாள அட்டை எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்று தெரிந்தால், மிச்சம் ஊகிக்க வேண்டியது 5,000 எண்களுக்குள் அடங்கிவிடும். அந்தத் தளம் கெட்ட எண்ணத்தோடு செய்கிறது என்று நான் சொல்லவில்லை. மழையைச் சொல்லத்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தேதி முகவரி வரியில் ஏறிவிட்டால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் மற்றவர்களுக்கும் போய்விடும். அப்படிப் போவதை அந்தப் பிள்ளை அறியாது.

துண்டுகள் எப்படிச் சேரும் என்பதை இந்த நாடு ஏற்கனவே பார்த்துவிட்டது. 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்னும் இணையத்தளம் வெளிக்கொண்டு வந்த செய்தியில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருந்தது தெரியவந்தது. அப்போது நாட்டின் மக்கள் தொகையே சுமார் 3 கோடியே 20 இலட்சம்தான். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் என்று பலவும் அதில் இருந்தன. அப்படிக் கசிந்த ஒரு பட்டியலும், “இவர் இந்த ஊரில் இந்தத் தேதி மழையைத் தேடினார்” என்ற இன்னொரு பட்டியலும் ஒரே கையில் சேர்ந்தால், பெயரில்லாத தேடலுக்குப் பெயர் கிடைத்துவிடும்.

அடுத்தது இருப்பிடம். தளத்தைத் திறந்ததும் “உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?” என்று ஒரு சிறு பெட்டி வரும். சரி என்று அழுத்திவிடுகிறோம். கைப்பேசி உடனே அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள், சில வேளை அதற்கு மேலும் கொடுக்கும். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். தசமத்துக்குப் பின் ஓரிலக்கம் என்றால் 11 கிலோமீட்டர். இரண்டு என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நான்கு என்றால் 11 மீட்டர், அதாவது ஒரு வீடு.

எதிர்ப்பக்கம் தளத்திடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய வானிலையைத் தரும் பல தளங்கள் ஐரோப்பிய நடுத்தர வரம்பு வானிலை முன்னறிவிப்பு மையம் உருவாக்கிய ஈஆர்ஏ5 என்னும் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. 1940 முதல் இன்றுவரை மணிக்கு மணி உலகம் முழுவதற்குமான வானிலையை அது கணித்து வைத்திருக்கிறது. மிகப் பெரிய உழைப்பு, இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். தரைக்கென்று தனியே உள்ள நுண்ணிய தொகுப்பிலும் ஒரு கட்டம் 9 கிலோமீட்டர். ரந்தாவும் சிரம்பானும் பெரிய தொகுப்பில் ஒரே கட்டத்துக்குள் விழக்கூடிய தூரம்தான். கையில் 31 கிலோமீட்டர்க் கட்டத்தை வைத்துக்கொண்டு நம்மிடம் 11 மீட்டருக்குள் வீட்டைக் காட்டு என்று கேட்பதில் மழைக்கு என்ன வேலை?

நம் ஊர் மழையை அறிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: ஒரு காட்டில் கொட்டும், அடுத்த காட்டில் சொட்டு விழாது. உண்மைதான். மாலை நேர இடிமழை அப்படித்தான். அதைப் பிடிக்க வேண்டுமானால் மழைமானிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழை நிலையங்களில் இன்றும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், என்று தொடங்கும் பெயர்களைப் பார்க்கலாம். தோட்டத்து மழைமானிகளின் வழி வந்த பெயர்கள் அவை. துல்லியமாக இருக்க வேண்டியது அளக்கும் கருவியின் இடம். அதைக் கேட்கும் மனிதர் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் மழை அளவு மாறப் போவதில்லை. ‘ரந்தாவ்’ என்று நாமே தட்டினால் போதும்.

வானிலைத் துறையில் இது கற்பனைப் பயமும் இல்லை. 2017 ஆகஸ்டில் அக்யூவெதர் செயலியைச் சோதித்த பாதுகாப்பு ஆய்வாளர் வில் ஸ்ட்ராஃபாக், இருப்பிட அனுமதியை மறுத்தவர்களின் வைஃபை கருவியின் அடையாளம் கூட ஒரு விளம்பரத் தரவு நிறுவனத்துக்குப் போவதைக் கண்டு வெளியிட்டார். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர அரசு வழக்கறிஞர், அப்போது ஐபிஎம் வசம் இருந்த வெதர் சேனல் செயலிமீது வழக்குத் தொடுத்தார். உள்ளூர் வானிலைக்காக என்று சொல்லி இருப்பிடத்தை வாங்கி, விளம்பரத்துக்கும் வேறு வாணிகத்துக்கும் பயன்படுத்தியதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2020இல் வழக்கு சமரசமாக முடிந்தது. அனுமதி கேட்கும்போதே விளக்கமாகச் சொல்ல நிறுவனம் ஒப்புக்கொண்டது. இருவருமே பெரிய பெயர்கள், நம்பிக்கையான முன்னறிவிப்புத் தருகிறவர்கள். மழையைச் சரியாகச் சொல்வதும் மனிதரிடம் நேர்மையாக நடப்பதும் தனித்தனித் தகுதிகள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் நீதிமன்றங்கள் இன்னும் ஆழமாகப் போயின. ஜெர்மானிய அரசின் இணையத்தளங்கள் தம் பக்கங்களைப் பார்ப்பவரின் ஐபி முகவரியைச் சேமிக்கலாமா என்று பாட்ரிக் பிரெயர் என்பவர் வழக்காடினார். அடிக்கடி மாறும் ஐபி முகவரியும், அதை வைத்து ஆளைக் கண்டறியச் சட்டப்படி வழி இருந்தால், தனிநபர் தரவுதான் என்று 2016 அக்டோபர் 19இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது. கூகலின் எழுத்துருவைத் தன் பக்கத்தில் இணைத்து, அதனால் வருகையாளரின் ஐபி முகவரி கேட்காமலேயே கூகலுக்குப் போனதுதான் அந்தத் தளம் செய்த குற்றம். எழுத்துருவைத் தன் கணினியிலேயே வைத்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. 2024இல் திருத்தினார்கள். சட்டத்தின் கொள்கைகளை மீறினால் இருந்த அதிகபட்ச அபராதம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ஆனது. சிறை இரண்டாண்டிலிருந்து மூன்றாண்டு ஆனது. 2025 ஜூன் 1 முதல் தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு 72 மணி நேரம். நல்ல முன்னேற்றம்.

ஆனால் ஓட்டைகள் எங்கே என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் வாணிகம் சார்ந்த தரவுக்கு மட்டும்தான். கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. ஆகவே நம் வானிலை ஆய்வுத் துறையின் தளமும் வெள்ளத் தகவல் தளமும் இதற்குள் வராது. அவற்றின் அடியில் இருக்கும் ‘டாசார் பிரிவாசி’ என்னும் தனியுரிமை அறிவிப்பைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு, தரவைக் கையாள இந்நாட்டுக் கருவிகளைப் பயன்படுத்தாத தளத்தையும் இது எட்டாது. நாம் பழைய வானிலை பார்க்கும் தளங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டவை. இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு: தளத்தை நடத்துபவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவப்பட்டவராக இருந்தால், 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டம், ரந்தாவில் இருந்து பார்க்கும் உங்களுக்கும் பொருந்தும். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்; பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று என் மனத்தை உறுத்துகிறது. நம் சட்டப்படி தரவு அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வகுப்பு படித்து, பேரப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் மழை பார்க்கும் பாட்டி, தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு பத்திக்குக் கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துகிறார். அந்தக் காலத்தில் ஒப்பந்தக் காகிதத்தில் பெருவிரல் ரேகை வைத்த நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வேறொருவர் சொன்னதை நம்பித்தான் வைத்தார்கள். எண்பது வயதில் அந்தப் பாட்டியும் அதையேதான் செய்கிறார். தளங்கள் தமிழில் முழு அறிவிப்பு எழுத வேண்டாம். “உங்கள் ஊரைக் கேட்கிறோம், வீட்டைக் கேட்கவில்லை, பதிவேட்டை இத்தனை நாளில் அழிக்கிறோம், யாருக்கும் கொடுப்பதில்லை” என்று மூன்று வரி போதும். மொழிபெயர்த்துக் கொடுக்க இந்த மண்டபத்திலேயே ஆள் இருக்கிறார்கள். அந்த மூன்று வரியை உண்மையாக எழுத முடியாத தளம், அதை ஆங்கிலத்தில் முப்பது பக்கம் எழுதினாலும் எனக்குப் போதாது.

தளம் நடத்துவதற்குச் செலவு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. விளம்பரம் வைக்கட்டும். மழைப் பக்கத்தில் குடைக்கும் கூடாரத்துக்கும் விளம்பரம் வைக்க, பார்ப்பவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. அது மழைப் பக்கம் என்று தெரிந்தால் போதும். ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை நீக்கிச் சேமிக்கலாம். வருகையாளரை எண்ணும் நிரலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். கைப்பேசி கொடுக்கும் இருப்பிடத்தைத் தசமத்துக்குப் பின் ஓரிலக்கமாகச் சுருக்கிவிட்டுப் பிறகு கேட்கலாம். இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

நம் பக்கம் செய்ய வேண்டியவை: இருப்பிடப் பெட்டி வந்தால் மறுத்துவிட்டு ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். செயலிதான் வேண்டும் என்றால், கைப்பேசி அமைப்பில் அந்தச் செயலிக்குத் துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிட்டு, பயன்படுத்தும்போது மட்டும் என்று வையுங்கள். பிறந்த நாள் மழையைப் பார்க்க ஆசையாக இருந்தால் அந்த மாதம் முழுவதையும் திறந்து பாருங்கள். உங்கள் தேதி அதற்குள்தான் இருக்கும், எந்தத் தேதிக்காக வந்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். மலேசியாவில் நடக்கும் வாணிகத் தளமாக இருந்தால், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று எழுதும் உரிமையும் உண்டு. அந்தக் கடிதத்தின் மாதிரியை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பக்கத்தில் தமிழ் விளக்கத்தோடு அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பதிய வேண்டியதில்லை.